குதிரைக்கு அல்வா

யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று சொல்லி என்னை வளர்த்தவள் என் தாயார். பெரியவர்கள் இருக்கிற வீடு என்றால் பழம். குழந்தை இருக்கிற வீடு என்றால் பிஸ்கோத்து. ஆனால் பிள்ளை பெற்று மூன்றே மாதமான தாயையும், அவள் பிள்ளையையும் பார்க்கப் போகிறேன். தாய்க்கும் நாலு கால், பிள்ளைக்கும் நாலு கால் என்றால் எதை வாங்கிக்கொண்டு போவது? நீங்களே சொல்லுங்கள்!

திருநெல்வேலியில் ரயிலை விட்டு இறங்கினவளுக்கு வேறு என்ன தோன்றும்? அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டேன். சுடச்சுட வாழை இலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். நெய் காகிதத்தைத் தாண்டி என் கைப்பைக்கும் வந்துவிட்டது. ஆச்சிக்குப் பாதி, குதிரைக்குப் பாதி என்பது என் கணக்கு.

ஆச்சியின் வீடு பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் எழுதக் கூடாதென்று ஆச்சி முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள். "பேரைப் போட்டியானா, குதிரை வாங்குதவன் பூரா வாசல்ல வந்து நிப்பான்" என்பது அவள் பயம். அவள் கணவர் ஒரு காலத்தில் டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் இடையே ஜட்கா ஓட்டியவர். ஆட்டோக்கள் வந்தன, ஜட்கா போயிற்று, பிறகு அவரும் போய்விட்டார். மகன் லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். ஆனால் ரத்தத்தில் ஊறிய குதிரைப் பைத்தியம் எங்கே போகும்? ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போனவன், அங்கே கூடும் குதிரைச் சந்தையில் ஒரு செவலைப் பெட்டையை வாங்கி வந்துவிட்டான். மகன் வாங்கினான், வளர்ப்பது ஆச்சி. நம் வீடுகளில் மீன் தொட்டியும் நாய்க்குட்டியும் கடைசியில் யார் தலையில் விழுகின்றன என்று உங்களுக்குத் தெரியாதா?

வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு. அதுதான் லாயம். தரையில் ஆற்று மணல். செவலை நெடுநெடுவென்று நின்றது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. காது நுனிகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு தலை தெரிந்தது. பிறகு கால்கள். எத்தனை நீளமான கால்கள்! உடம்பைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரம்மா காலை மட்டும் முதலில் முடித்துவிட்டது போல இருந்தது. வால் மட்டும் வெள்ளையடிக்கிற மட்டை மாதிரி குட்டையாய்ச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. ஆண் குட்டி.

நான் பொட்டலத்தைப் பிரித்ததுதான் தாமதம், ஆச்சி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன காரியம் செய்யப் பாத்தே? நெய்ப் பண்டம் எனக்கு ஒத்துக்கிடும். அதுக்கு ஒத்துக்கிடாது." பொட்டலம் பரணுக்குப் போயிற்று.

எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். ஒரு வில்லை அல்வா குதிரையை என்ன செய்துவிடும் என்று கேட்டேன். ஒரு வில்லை ஒன்றும் செய்யாதாம். ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரு வில்லையோடு வருகிறார்களாம். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல், கொடை கழிந்தால் படப்புச் சோறு, கல்யாண வீட்டில் மிஞ்சிய பாயசம்!

குதிரையின் வயிறு மாட்டின் வயிறு மாதிரி இல்லை, சகோதரிகளே. மாட்டுக்கு முன் வயிறு மட்டும் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். கிடைத்ததை உள்ளே தள்ளிவிட்டு நிதானமாக அசை போடலாம். குதிரையின் இரைப்பையோ பத்துப் பதினைந்து லிட்டர்தான். அசை போடவும் தெரியாது; வேண்டாததை வாந்தி எடுக்கவும் அதற்கு வழியில்லை. புல்லைச் செரிக்க வைக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதன் பெருங்குடலில் குடியிருக்கின்றன. சோறும் சர்க்கரையும் அளவுக்கு மிஞ்சி அங்கே போய்ச் சேர்ந்தால் புளித்துப் பொங்கி, வயிறு உப்பி, அந்த விஷம் கால் குளம்பு வரையில் இறங்கிவிடும். குளம்பு வெந்துபோன குதிரை நிற்க முடியாமல் விழும். வயிற்றில் போட்ட சோற்றுக்குக் குளம்பில் தண்டனை! டாக்டர் விளக்கிச் சொன்னபோது ஆச்சியே நம்பவில்லையாம்.

ஆச்சியின் நாள் காலை நாலரை மணிக்கு ஆரம்பிக்கிறது. நமக்குப் பால்காரன் மணி அடிக்கும் முன்பே அவள் லாயத்தில் ஈர மணலை அள்ளிக் கொட்டிவிட்டு உலர்ந்த மணல் போட்டாக வேண்டும். குளம்பு ஈரத்தில் ஊறினால் அழுகும். ஒவ்வொரு காலாகத் தூக்கி, உள்ளே அடைத்த சாணத்தையும் கல்லையும் நோண்டி எடுக்கிறாள். குட்டிக்கும் இப்போதிருந்தே பழக்கம். காலைத் தூக்கினால் சமர்த்தாய் நிற்கிறது. ஒரு நிமிஷம். பிறகு ஆச்சியின் முந்தானையைக் கடிக்கிறது.

அப்புறம் தண்ணீர். பால் கொடுக்கிற தாய் அல்லவா? நாள் ஒன்றுக்கு மூன்று, நாலு குடம் காலியாகும். பத்து லிட்டர் வாக்கில் பால் சுரக்க வேண்டுமே! காம்பு இரண்டுதான். மடியும் பெரிதில்லை. ஆனால் பிறந்த முதல் வாரத்தில் குட்டி மணிக்கு ஐந்தாறு தடவை குடித்ததாம், இராத்திரி பகல் பார்க்காமல். இதைக் கேட்டபோது என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "உனக்கும் பிள்ளை இருக்கோ?" என்று கேட்டாள் ஆச்சி. இருக்கிறாள், நாலு வயதில். அவள் சாப்பிடுகிற சங்கதியைப் பிறகு சொல்கிறேன்.

வரப்பிலிருந்து அறுத்து வந்த அறுகம்புல்தான் பிரதான ஆகாரம். காரும் பிசானமும் விளைகிற நாட்களில் புல்லுக்குப் பஞ்சமில்லை. கோடையில்தான் கஷ்டம், அப்போது காய்ந்த கடலைக்கொடி விலைக்கு வாங்குகிறார்கள். கோதுமைத் தவிடு கொஞ்சம், ஒரு பிடி கல் உப்பு. காணம் இரண்டு வேளை. மற்ற ஜில்லாக்காரர்கள் திகைக்க வேண்டாம். நீங்கள் கொள்ளு என்கிறீர்களே, அதற்குத்தான் நெல்லைச் சீமையில் காணம் என்று பெயர். நாம் துவையல் அரைப்பது, ரசம் வைப்பது எல்லாம் அதில்தான். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று பழமொழி சொல்லிக் குதிரையைக் கேலி செய்கிறோம். ஆச்சிக்கு இந்தப் பழமொழி பிடிக்காது. "நமக்கு மட்டும் எப்படியாம்?" என்கிறாள்.

அன்று முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு ஆச்சி காணத்தில் கல் பொறுக்கினாள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். எதிரே ஆறு தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் காலேஜில் படித்த சரித்திரம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆச்சிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இதே ஆறு இங்கிருந்து கிழக்கே ஓடிப் புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. அதற்குச் சற்று முன்னால் இருப்பது பழையகாயல். இன்று சின்ன ஊர். எழுநூறு வருஷங்களுக்கு முன்னால், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், உலகமெல்லாம் பெயர் தெரிந்த காயல் துறைமுகம் அதுதான் என்று எழுதினார் கால்டுவெல். 1881ல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில் இதைக் காணலாம். அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்கு என்ன தெரியுமா? குதிரை! ஹோர்முஸிலிருந்தும், கிஷ் தீவிலிருந்தும், ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்தன. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை என்றும், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் உண்டு என்றும் பாரசீகச் சரித்திர ஆசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார்.

1293ஆம் வருஷ வாக்கில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவுக்கு ஒரே ஆச்சரியம். ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறாராம். அவர் சகோதரர்கள் நால்வரும் அப்படியே வாங்குகிறார்களாம். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூறு கூட மிஞ்சுவதில்லையாம்! மறு வருஷம் மறுபடி கப்பல். குதிரைக்கு லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் நாட்டில் இல்லை என்கிறார். அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடாமல் வியாபாரிகளே தடுத்துவிடுகிறார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷ வியாபாரம் என்ன ஆவது! உயர்ந்த ஜாதிப் பெட்டைக்கும் உயர்ந்த ஜாதிக் கடாவுக்கும் பிறந்தால்கூட, இந்த நாட்டில் பிறக்கும் குட்டி சிறுத்து, கால் கோணி, ஏறிச் சவாரி செய்ய லாயக்கில்லாமல் போகிறது என்று வேறு எழுதி வைத்துவிட்டார்.

சரி, அத்தனை குதிரைகளும் பட்டினியிலா செத்தன? இல்லை, இல்லை! அங்கேதான் விஷயம். மார்க்கோ போலோ சொல்கிற ஆகாரம், சோறும் அதோடு வேகவைத்த இறைச்சியும். வஸ்ஸாப் சொல்வது இன்னும் விசேஷம். வறுத்த வாற்கோதுமை, நெய் விட்டுப் பிசைந்த தானியம், காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, அதன் பிறகு சவாரி!

பாவம், அந்த லாயக்காரர்கள் பேரில் எனக்குக் கோபம் வரவில்லை. மாப்பிள்ளைக்குச் செய்கிற உபசாரத்தை அப்படியே குதிரைக்குச் செய்திருக்கிறார்கள். வேகவைத்துக் கொடுத்ததே தப்பு என்று மார்க்கோ போலோ சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளைக்காரன் காலத்து மதராஸ் குதிரைப் படைகளுக்குக் கொள்ளை வேகவைத்துத்தான் போட்டார்கள். அவை நன்றாகவே ஓடின. ஆச்சியும் வேகவைத்துத்தான் போடுகிறாள். வேகாத கொள்ளு லேசில் செரிக்காது. சோறும் நெய்யும் வேறு சமாசாரம். அதோடு நடமாட்டமில்லாத கட்டும், சீர்திருத்தாத குளம்பும் சேர்ந்தால் எந்தக் குதிரைதான் தாங்கும்?

இதை நான் சொல்லி முடித்தபோது ஆச்சி முறத்தில் கையை வைத்தபடி சும்மா இருந்தாள். கதை பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நானும் ஒண்ணைக் கொன்னிருக்கேன்" என்றாள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பக்கம் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி இரு கரையும் தெரியாமல் போயிற்று. அன்று இரவு லாயத்தில் முழங்கால் அளவு தண்ணீர். செவலை அப்போது சினையாக இருந்தது. மகன் வெளியூரில் மாட்டிக்கொண்டான். ஆச்சி ஒருத்தியாக அதைப் பிடித்துக்கொண்டு மேட்டு ரோட்டுக்குப் போய், விடிய விடிய மழையில் கயிற்றை விடாமல் நின்றிருக்கிறாள். "நான் அதைப் பிடிச்சிருந்தேனா, அது என்னைப் பிடிச்சிருந்துதா, தெரியல" என்றாள்.

அந்த வெள்ளத்துக்குத் தப்பிய கர்ப்பம் பங்குனி மாதத்தில் குட்டியாகப் பிறந்தது. பெட்டைக் குட்டி. ஆச்சிக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். தொப்புள் கொடி அறுந்த இடத்தில், தன் கன்றுகளுக்கெல்லாம் எப்போதும் செய்வது போலவே, மஞ்சளும் பசுஞ்சாணியும் குழைத்து அப்பினாள். கன்றுகளுக்கு ஒன்றும் ஆனதில்லை. இதற்குப் பதினோராம் நாள் கால்கள் கட்டை போல் விறைத்தன. காது இரண்டும் குத்திட்டு நின்றன. தாடை பூட்டிக்கொண்டது.

"மடியைப் பாத்துக்கிட்டே நின்னுது. வாயைத் திறக்க முடியல. செவலை வந்து வந்து முட்டிக் கொடுக்கு, குடி குடின்னு. ரெண்டு நாள் அப்படியே நின்னுது."

ரண ஜன்னி. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. மாடு அதை ஓரளவு தாங்கும். குதிரையைப் போல அதற்கு எளிதில் இரையாகிற வீட்டுப் பிராணி வேறு இல்லை. டாக்டர் வந்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது.

நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை. இருவரும் காணத்தைப் பொறுக்கி முடித்தோம்.

இந்தத் தடவை ஆச்சி பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள். பதினோரு மாதச் சினை. குட்டி போடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன் செவலைக்கு ரண ஜன்னி ஊசி. தாய்க்குப் போட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் காப்பு வந்துவிடும். கொடிக்கு அயோடின் மருந்து, வேறொன்றும் கிடையாது. காம்பு நுனியில் மெழுகு போலத் துளிர்த்ததும் ஆச்சி லாயத்துக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுவிட்டாள். ஆனால் குதிரைக்கு வெட்கம் அதிகம். ஆள் நடமாட்டம் அடங்கி, இருட்டி, அமைதியான பிறகுதான் பெரும்பாலும் குட்டி ஈனும். மூன்று இரவு ஆச்சி கண் விழித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் இரவு போர்வையை இழுத்து மூடித் தூங்குகிற பாவனை செய்தாளாம். இரண்டு மணிக்கு முன்னங்கால் இரண்டும் தெரிந்தன, அவற்றின் மேல் மூக்கு. அரை மணிக்குள் குட்டி மணலில் கிடந்தது. குளம்பு நுனியெல்லாம் ஈரமான நுங்கு போல மெத்தென்று இருந்ததாம். தாயின் வயிற்றைக் கிழிக்காமல் இருக்கப் பகவான் போட்டு அனுப்பிய செருப்பு! சில மணி நேரத்தில் அது தேய்ந்து போய்விடுகிறது.

ஒரு மணிக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்பது டாக்டர் சொல்லிக் கொடுத்த கணக்கு. மகன் செல்போனில் நேரம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். குட்டி ஐந்து தடவை விழுந்தது. ஆறாவது தடவை நின்றது. தூக்கிவிடப் போன மகனின் கையில் ஆச்சி ஓர் அடி வைத்தாளாம். நஞ்சுக்கொடி விழுந்ததும் லாந்தர் வெளிச்சத்தில் விரித்து, கிழிசல் இல்லாமல் முழுசாக வந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் தாய்க்கு ஆபத்து.

ஒன்பதாம் நாள் குட்டிக்குக் கழிச்சல் கண்டது. ஆச்சிக்கு உயிரே போயிற்று. பிறந்த இரண்டாவது வாரத்தில் பல குட்டிகளுக்கு இது சகஜம், பால் குடித்து ஓடியாடினால் பயமில்லை என்று டாக்டர் தைரியம் சொன்னார். பக்கத்து வீட்டம்மாள் பரிதாபப்பட்டுச் செம்பில் காய்ச்சிய பசும்பால் கொண்டுவந்தாள். எழுநூறு வருஷம் கழிந்தும் அதே பசும்பால்! ஆச்சி வாங்கி, காபி போட்டு, அந்த அம்மாளுக்கே கொடுத்தாள். இன்னொரு நாள் குட்டி தாயின் சாணத்தை மோந்து தின்பதைப் பார்த்து எல்லாரும் முகம் சுளித்தார்கள். அதுவும் காரியமாகத்தான். புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அம்மாவின் குடலிலிருந்து பிள்ளையின் குடலுக்குக் குடிபோகிற வழி அது.

இப்போது மூன்று மாதம். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு தடவை லாடக்காரர் வந்து செவலைக்குப் பார்ப்பார். இந்தத் தடவை குட்டியின் குளம்பையும் முதல்முறையாக ராவிவிட்டுப் போயிருக்கிறார். கால் கோணவில்லை. மார்க்கோ போலோ வந்து பார்க்கட்டும். சாயங்காலம் இரண்டையும் ஆற்று மணலில் அவிழ்த்துவிட்டாள் ஆச்சி. குட்டி ஓடுகிறது, நிற்கிறது, தன் நிழலைக் கண்டு துள்ளுகிறது, மறுபடி ஓடி வந்து முட்டிப் பால் குடிக்கிறது.

அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வைத்திருப்பவர்களாம். குட்டியைச் சுற்றி வந்து சுழி பார்த்தார்கள். நெற்றிச் சுழி நல்ல சுழி என்றார்கள். இப்போதே கொடுத்தால் முழுப் பணமும் உடனே கையில் என்றார்கள். மகன் தாயின் முகத்தைப் பார்த்தான். லோடு ஆட்டோவுக்கு இரண்டு தவணை பாக்கி இருப்பதை என்னிடம் முன்னமே சொல்லியிருந்தான். நான் ஆற்றைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"ஆறு மாசம் பால் குடிக்கட்டும். பொறவு வாங்க" என்றாள் ஆச்சி.

"அதுவரை விலை நிக்காது ஆச்சி."

"நிக்காட்டா போவட்டும்."

மகன் ஒன்றும் சொல்லாமல் தவிட்டுச் சாக்கை இறக்கப் போய்விட்டான். அன்று ராத்திரி அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்ததோ, நான் அறியேன்.

என் பெண்ணின் சங்கதியைச் சொல்கிறேன் என்றேனே. ஒரு கவளத்துக்கு ஒரு கதை, ஒரு கதைக்கு ஒரு மணி நேரம் என்று அவளைத் துரத்துவது என் வழக்கம். ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "பசிச்சா முட்டிக்கிட்டு வராதோ?" என்று கேட்டாள். குதிரைக்குட்டியும் பிள்ளையும் ஒன்றா என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. இருந்தாலும் ஊருக்குத் திரும்பிய இரண்டு நாள் கதை சொல்லாமல் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் மாமியார் வந்துவிட்டார்.

புறப்படும்போது ஆச்சி பரணிலிருந்து பொட்டலத்தை இறக்கினாள். எனக்கொரு வில்லை, மகனுக்கொரு வில்லை, தனக்கொரு வில்லை. இலையை நக்குவதற்குக் குட்டி மூக்கை நீட்டியது. செவலை நடுவே வந்து தன் கழுத்தால் அதை அப்பால் தள்ளிவிட்டது.

"பாத்தியா, அதுக்கே தெரியுது" என்று ஆச்சி கையைக் கழுவப் போனாள்.